கண்ணபிரானின் மீன்களுக்கு வேர்க்காது

"மீனுக்கு ஏசி போட்டிருக்காராம்லா, கேள்விப்பட்டியளா?" என்று சலூனில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டவர் டீக்கடையில் "ரெண்டு ஏசி" என்றார். செய்தி கண்ணபிரானிடமே வந்து சேர்ந்தபோது, அவர் மீன்களுக்கு மெத்தையும் வாங்கிப் போட்டிருந்தார். மனிதர் மறுக்கவில்லை. "மெத்தை மட்டும் இன்னும் வரல அண்ணாச்சி. சொல்லிவிட்டிருக்கு" என்றார்.

ஏசி கிடையாது. இருப்பது ஒரு பழைய டேபிள் ஃபேன். முக்காலியின்மேல் நின்று, தொட்டியைவிட ஒரு சாண் உயரத்திலிருந்து தலையைக் குனிந்து தண்ணீரின் முகத்தையே பார்த்துச் சுற்றுகிறது. தொட்டியின் மூடி கட்டிலுக்கடியில் போய் இரண்டு மாதமாகிறது. வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்வதில்லையா, தண்ணீரும் அப்படித்தான் என்பது அவர் விளக்கம். முன்பு அந்த ஃபேன் காற்றில் படுத்திருந்தவர் அவர்தான். இப்போது ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுக்கிறார்.

தங்கமீன்கள் அந்த வீட்டுக்கு மருந்தாக வந்தவை. ரத்த அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்த டாக்டர், தினமும் கொஞ்ச நேரம் எதையாவது அமைதியாகப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னார். மனைவி சத்தியபாமா தொட்டி வாங்கி வைத்தாள். பங்குனிவரை அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. கத்திரி வெயில் பிறந்ததும் பழையபடி ஏறிவிட்டது. "மீனுக்கு வேர்க்குமோன்னு இவியளுக்கு வேர்க்கு" என்கிறாள்.

அவருக்கு வேலை தீப்பெட்டி ஆபீஸில். கோவில்பட்டியில் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். குச்சிமுனையில் மருந்து முக்கும் பகுதியில் இருபத்தாறு வருடம் நின்றவர். வெயில் ஏறினால் அங்கே தரையெங்கும் நனைத்த சாக்கை விரிப்பது வழக்கம். அந்தக் கைப்பழக்கத்தில் ஒருநாள் ஈரச்சாக்கைத் தொட்டிமேல் போர்த்தி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் சத்தியபாமா சாக்கை விலக்கிப் பார்த்தால், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றுக்குத் தவிக்கின்றன.

"மருந்து ரூம்னு நெனச்சியளா? உசுருல்லா அது!"

அன்றிலிருந்து சாக்கு தொட்டியின் பக்கங்களோடு சரி. உச்சிவெயிலில், உறையவைத்த அரை லிட்டர் பாட்டில் ஒன்றை மிதக்கவிடுவார். ஒன்றே ஒன்று. உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக் கொம்பையா, ஒருமுறை ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸ்கட்டி அத்தனையையும் கொட்டப் போனார். கண்ணபிரான் குறுக்கே பாய்ந்தார். "ஏலே, ஒரேயடியா குளுந்தா அதுக்கு ஜன்னி கண்டுரும்லா! மெதுவா, மெதுவா."

வீட்டில் உண்மையான சண்டை தண்ணீருக்குத்தான். குழாயில் எட்டு நாளைக்கு ஒருதரம் வருகிறது. ஃபேன் காற்றோ தொட்டியில் தினமும் ஒரு விரற்கடையை வற்றவைத்துவிடுகிறது.

"சோத்துக்கு ஒல வைக்க அளந்து ஊத்துதேன். ஒங்க மீனு நித்தம் அரைக்கொடம் குடிக்கி!"

"மீனு எங்க குடிக்கி? காத்துல்லா குடிக்கி."

"அப்பம் அந்தக் காத்தையே ஒல வைக்கச் சொல்லுங்க."

போன வெள்ளிக்கிழமை, எட்டயபுரத்துக்கு அந்தப் பக்கம் எப்போதும்வென்றான் ஊர்க் கோயிலில் அவர் தங்கை முத்துச்செல்வியின் மகள் பிரித்திகாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். சத்தியபாமா சீர்த்தட்டுகளோடு விடியற்காலை வேனிலேயே போய்விட்டாள். கண்ணபிரான் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு வருவதாக ஏற்பாடு.

ஏழரைக்குத்தான் தெரு வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது: பராமரிப்புப் பணி, ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இருக்காது. போன மாதம் இதேபோல் ஒரு பகலில்தான் நாலு மீனில் ஒன்று செத்து மிதந்தது. அவர் அப்போதுதான் வீட்டைப் பூட்டியிருந்தார். கொம்பையாவிடம் சாவியைக் கொடுக்கலாம். அந்த ஐஸ்கட்டிகள் நினைவுக்கு வந்தன.

குடிதண்ணீர்ப் பானையைக் காலிசெய்தார். தொட்டித் தண்ணீரையே அதில் முக்கால் அளவு ஊற்றினார். மண்பானை கசிந்து கசிந்து தானாகவே குளிரும்; கரண்ட் கேட்காது. இரண்டு மீன்கள் மரியாதையாக வந்துவிட்டன. மூன்றாவது முக்கால் மணி நேரம் பிடிகொடுக்கவில்லை. ஒன்பதரைக்கு, நனைந்த வேட்டியும் மடியில் பானையுமாகத் தூத்துக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கோயிலுக்குப் பாலா?" என்றார் கண்டக்டர்.

"மீனு."

"கொளம்பு வைக்கவா?"

"வளக்குத மீனு, தம்பி. கரண்ட் இல்ல, அதான் கூட்டிட்டுப் போறேன்."

கண்டக்டர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். முன்சீட்டுக்காரம்மாவும் எழுந்து திரும்பிப் பார்த்தாள். "மூணு பேருக்கும் அரை டிக்கெட்டாவது போடணும்லா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. கண்ணபிரான் சிரித்துக்கொண்டே, கண்டக்டரின் கைக்கடிகாரத்தைத் தலைகீழாகப் படித்தார்.

எட்டயபுரம் தாண்டியதும் சாலை முழுக்கச் செம்மறியாடுகள். டிரைவர் ஹார்ன் அடித்தார், ஆடுகள் அசரவில்லை. வழி கிடைத்தபோது பத்து அடித்துவிட்டது. டிரைவர் வண்டியை விரட்டத் தொடங்கினார். சட்டைப்பையில் போன் அடித்தது. பை மெல்லிசு, தங்கையின் பெயர் துணிக்கு மேலேயே தெரிந்தது.

"எடுங்க அண்ணாச்சி. பானைய நான் பிடிக்கேன்."

கண்ணபிரான் கண்டக்டரின் கைகளைப் பார்த்தார். ஒன்றில் டிக்கெட் மெஷின், இன்னொன்று மேல்கம்பியில். வேண்டாம் என்று தலையாட்டினார். முன்னால் வேகத்தடை வந்தது. டிரைவருக்கு முன்பே அவர் அதைப் பார்த்துவிட்டார். பானையை மடியிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கி, முழங்காலை மடக்கி, சீட்டைவிட்டு அரைவாசி எழுந்து அந்தரத்தில் நின்றார். பஸ் குதித்தது. தண்ணீர் தளும்பவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.