மணல் இல்லாத அட்டை

பல்வலிக்கென்று வாங்கிய குளிசை ஒன்று விரலிடுக்கில் உடைந்தது. உள்ளிருந்த வெள்ளைத் தூளிலிருந்து ஒரு வாடை எழுந்தது. தீப்பெட்டியும் கூழ்முட்டையும் ஒன்றாய் நனைந்ததுபோல. மூக்குத்தான் முதலில் அரிப்பு என்ற அந்தக் கடற்கரை ஊருக்குப் போனது. நான் பிறகு போய்ச் சேர்ந்தேன்.

சண்டை முடிந்து, ஓடிப்போன சனம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த நாட்கள். கரையோரம் தகரக் கொட்டில்கள், தகரத்தின் மேல் தறப்பாள், தறப்பாளின் மேல் கல். காற்று ஓயாது. சோற்றில் மணல், பாயில் மணல், செபப் புத்தகத்தின் தாள்களுக்கிடையில் மணல். என் ஊர் பெரியமடுப் பக்கம். வயல்காரச் சனம் நாங்கள். கடற்சனத்தின் வாசல்களில் நான் நின்றது ஓர் ஆராய்ச்சிக்காக.

ஆராய்ச்சி இதுதான். புண் பழுத்தவர்களுக்கு அன்ரிபயோட்டிக் குளிசையை எந்த அளவில், எத்தனை நாள் கொடுத்தால் கிருமி முற்றாகச் சாகும்? எந்தக் கிருமி இப்போதே அந்த மருந்துக்கு அடங்க மறுக்கிறது? அதை நடத்தியவர் மன்னார் ரவுணில் இருந்த ஒரு டொக்டரம்மா. நான் அவருடைய கண், அவருடைய சைக்கிள். மூன்று நாளைக்கு ஒருமுறை வீடு வீடாகப் போவேன். பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்துக் குழாயில் அடைத்து ஐஸ் பெட்டிக்குள் வைப்பேன். குளிசை தீர்ந்த வெற்று அட்டைகளை வாங்கிக்கொள்வேன். அட்டையில் எத்தனை குழி வெறுமையோ அத்தனை குளிசை வயிற்றுக்குள் போயிற்று என்பது எங்கள் நம்பிக்கை.

சனம் எங்களை நம்பவில்லை. எப்படி நம்பும்? கடதாசியோடு வந்தவர்கள் எல்லாரும் அவர்களைப் பதிந்தார்கள், எண்ணினார்கள், படம் பிடித்தார்கள். அப்படிப் பதியப்பட்டவர்களில் சிலர் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

"குளிசை தாறியள், சரி. வெறும் அட்டை உங்களுக்கு என்னத்துக்கு?"

"மீன் ஏத்த ஐஸ் இல்லை. எங்கட சீழ் ஏத்த ஐஸ் கிடக்கு. பாத்தியளே கூத்தை!"

காவலரணில் நின்ற சிப்பாய் ஒருநாள் பெட்டியைத் திறக்கச் சொன்னான். குழாய்களைப் பார்த்தான். என்னவென்று சைகையில் சொன்னேன். மூடிவிட்டுப் போய்க் கை கழுவினான். அதற்குப் பிறகு திறக்கச் சொல்லவில்லை.

எனக்கும் சந்தேகம்தான். கொழும்புக்குப் போகும் இந்தச் சீழ் அங்கே எங்கே போகிறது, யாருடைய மேசையில் யாருடைய பெயருக்குக் கீழே உட்காரப் போகிறது, மறுமொழி என்று ஒன்று இந்த மணலுக்குத் திரும்பி வருமா? டொக்டரம்மாவிடம் கேட்டேன். "வரும்" என்றார். அந்த "வரும்" கொஞ்சம் விரைவாக வந்துவிட்டதாய் எனக்குப் பட்டது.

நான் போய்வந்த ஒரு வீட்டு மனிதர் கரைவலை இழுப்பவர். ஆழமில்லாத தண்ணீரில் திருக்கையை மிதித்துவிட்டார். முள் பாதத்தில் ஏறி முறிந்து, புண் பழுத்திருந்தது. நான் அவரை அண்ணை என்பேன், மனைவியை அக்கா. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு குளிசை என்று அட்டைகளைக் கொடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன். ஒவ்வொரு முறையும் அக்கா வெற்று அட்டைகளை வாசலிலேயே நீட்டுவாள், என்னை உள்ளே வரவிடாமல் அனுப்பிவிடும் அவசரத்தோடு. படிவத்தில் "முழுவதும் எடுத்தாரா?" என்ற வரிக்கு நேரே "ஆம்" என்று எழுதினேன். அண்ணை கதிரையில் காலைத் தூக்கி வைத்தபடி உள்ளிருந்து கத்துவார்: "தங்கச்சி, என்ர சீழ் கொழும்பு பாத்திட்டுது! நான் இன்னும் பாக்கேல்லை."

ஆனால் கால் வீங்கிக்கொண்டே போனது. இரண்டு விரல்கள் கறுத்தன. முதல் சீழில் இருந்த கிருமி பெரும்பாலும் மருந்துக்கு அடங்கக்கூடியதென்று மறுமொழி வந்திருந்தது. இரண்டாவது சீழில் அடங்காததே நிறைந்திருந்தது. டொக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார். "முழு அளவும் குடித்தும் இப்படியென்றால், எங்கட அளவே பிழையோ?" பெரியாஸ்பத்திரியில் உடனே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் தப்பாது என்றார். அண்ணை மறுத்துவிட்டார். இடம்பெயர்ந்து இருந்த முகாமில் அவர் கண்டதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு காலோடு போய் ஒற்றைக் காலோடு வந்தவர்களை. பாதம் இல்லாதவன் கரைவலை இழுக்க முடியாது.

அன்று பின்னேரம் என் அறையில் இருந்தபடி அட்டைகளைப் பையிலிட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓர் அட்டையைத் தட்டினேன். மணல் கொட்டியது. இன்னொன்றைத் தட்டினேன். கொட்டியது. இரண்டு மூன்று நாள் கொட்டிலில் கிடந்த அட்டையில், முதலில் திறந்த குழிகளுக்குள் மணல் போய் ஒட்டத்தானே செய்யும். அண்ணை வீட்டு அட்டைகளை ஒவ்வொன்றாய்த் தட்டினேன். ஒரு துகளும் இல்லை. பத்துக் குழியும் பளபளத்தன. ஒரே நேரத்தில், ஒரே பெருவிரலால் அமத்தித் தள்ளியிருந்தது.

காலையில் போனேன். அக்கா வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த அட்டையளிலை மணல் இல்லை."

"மணலோ? கூட்டி வைச்சிருக்கிறன். ஏன், அதுவும் வேணுமோ கொழும்புக்கு?"

"எல்லாத்தையும் ஒரேயடியா அமத்தி எடுத்திருக்கிறியள்."

கத்தி நின்றது. "நீ ஆராய்ச்சிப் பிள்ளையோ, பொலிசோ?"

"அண்ணை முழுக்கக் குடிச்சவரோ?"

"மாதாவாணைக் குடிச்சவர்!"

உள்ளே கதிரை கிறீச்சிட்டது. "மாதாவை ஏனடி இதுக்கை இழுக்கிறாய்? காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. அவ்வளவுதானே தந்தனீ."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் புண்ணே காய்ந்திருக்க வேண்டும். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, கதவோரம் கிடந்த பிரயாணப் பையைத் திறந்தாள். அடையாள அட்டைகள், பிறப்புப் பத்திரங்கள், செபமாலை, உடுக்க ஒரு சாரம், ஒரு பால்மா ரின். ரின்னுக்குள் பஞ்சு சுற்றிய குளிசைகள்.

"அடுத்த ஓட்டத்துக்கு" என்றாள்.

"சண்டை எல்லாம் முடிஞ்சு போச்சே அக்கா."

"ஆர் சொன்னது? போனமுறையும் முடிஞ்சுது எண்டுதான் சொன்னவங்கள்." ரின்னை மூடினாள். "போனமுறை ஓடேக்கை என்ர தம்பிக்கு வயித்திலை காயம். ஒரு அட்டை குளிசைக்கு நான் கேக்காத ஆளில்லை."

ரின்னைத் திரும்பப் பைக்குள் அமத்தி வைத்தாள். நான் சொன்னேன்: "என்ர பையிலும் ஆறு கிடக்கு அக்கா. பழசு."

"பின்னை என்னைக் கேக்க வந்திட்டாய்!"

கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றேன். "அரைவாசி குடிச்சா நோஞ்சான் கிருமிதான் சாகும். தப்பினது முரடு. நோஞ்சான் இருந்த இடத்திலும் இப்ப அதுதான் பெருகி இருக்கு."

அண்ணை தன் காலைக் குனிந்து பார்த்தார். "அப்ப என்ர காலிலையும் மீள்குடியேற்றமோ?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு முடிந்ததும் அக்கா கேட்டாள்: "எழுதிப் போடுவியோ? எழுதினா அவரைக் கைவிட்டிடுவாங்கள், என்ன? சொன்ன சொல் கேக்காத சனம் எண்டு."

அப்படிச் செய்யமாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. எழுதாவிட்டால், மருந்தின் அளவு போதவில்லை என்றே அவர்கள் நினைப்பார்கள். அண்ணையின் காலிலும் அந்த நினைப்போடுதான் கை வைப்பார்கள். "ஆம்"களை வெட்டி "இல்லை" என்று எழுதினேன். அக்கா பார்க்க, அவள் வாசலிலேயே இருந்து எழுதினேன். சந்திக் கடையிலிருந்து டொக்டரம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம். பிறகு, "மற்ற வீடுகள்?" என்றார்.

மற்ற வீடுகள். அடுத்த நாள் அவருடைய மேசையில் சேர்த்துவைத்த அட்டைகளை எல்லாம் வெள்ளைத் தாளில் தட்டினோம். சிலவற்றில் மணல். பலவற்றில் வெறுமை. எத்தனை வாசல்களில் எத்தனை பைகள் கட்டியபடி காத்திருந்தன! "நீங்கள் இதை முந்தியே கவனிக்கேல்லையோ?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விக்குள் ஒரு முள் இருந்தது. பொய்யான அட்டைகளை நானே கொண்டுவந்து சேர்த்தேனோ என்று அவர் நினைத்திருக்கலாம். நானும் அவரைச் சந்தேகித்திருந்தேன்தானே.

அவர் அண்ணையைக் கைவிடவில்லை. வாகனத்தோடு தானே வருவதாய்ச் சொன்னார். வேறு மருந்தால் பாதத்தைக் காக்கப் பார்க்கலாம் என்றதும் அண்ணையும் சம்மதித்தார். குளிசைக்கு அடங்காத கிருமியென்று முன்கூட்டியே தெரிந்ததால் ஆஸ்பத்திரியில் முதல் நாளே வேறு ஊசி தொடங்கினார்கள். இரண்டு விரல்களை எடுத்தார்கள், பாதம் நின்றது. இதெல்லாம் நான் பிறகு வேறு ஆட்கள் சொல்லிக் கேட்டது. அந்த ஆராய்ச்சியை விட்டு வேறு ஊருக்கு மாறிய பிறகு அவர்களை நான் காணவேயில்லை.

கடைசியாகக் கண்டது வாகனம் வந்த காலையில். அண்ணையைத் தூக்கிப் பின்சீற்றில் ஏற்றினார்கள். வாசலிலிருந்து வாகனம்வரை அவர் முனகாமல் பகிடி விட்டார். கதவு சாத்தியதும்தான் முகம் சுருங்கியது. அக்கா ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு இறங்கினாள். என் கையைப் பிடித்து வாகனத்தின் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அவையள் சொல்லுறது கிடக்கட்டும். நீ சொல்லு. காலோடை திரும்புவாரோ?"

"ஓம்" என்று சொல்லவே எங்களைப் பழக்கியிருந்தார்கள். நோயாளிக்குத் தைரியம் வேண்டுமாம்.

"தெரியாது அக்கா."

அவள் என் முகத்தைத் தேடினாள், அதற்குள் வேறொரு மறுமொழி ஒளித்துக் கிடக்குமோ என்பதுபோல. பிறகு கையை விட்டாள்.

"இவ்வளவு காலத்திலை கடதாசியோடை வந்து, தெரியாது எண்டு சொன்னது நீ ஒருத்திதான். அப்ப ஏறுறன். வாறன், பிள்ளை."