முதலில் ஊசி, பிறகுதான் டிக்கெட்

மட்டாஞ்சேரியிலிருந்து அந்தக் காலத்தில் கடல் தாண்டிப் போனவர்களில் பாதிப்பேர் பேச்சியம்மாளிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அவள் கப்பல் ஏறியதே இல்லை. எர்ணாகுளம் போகிற படகைத் தவிர வேறெதிலும் கால் வைத்ததில்லை. பஜார் ரோட்டைக் கூட்டிப் பெருக்குகிற தொழிலாளி. ஆனாலும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டிக்கெட் விற்கிற ஏஜெண்டுகளுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனில் ஒரு குடும்பம் வீட்டை ஒழித்துக்கொண்டு கிளம்பினால், பெட்டி கட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ‘கப்பல் பேச்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

நான் வெங்கிடராமன். சுகாதார ஆபீசில் குமாஸ்தா. வெளிநாடு போகிறவர்களுக்கு ஊசி போட்ட அட்டையை எழுதி, தேதி போட்டு, முத்திரை குத்துவது என் வேலை. முன்கோபி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. சும்மா வருமா பெயர்? சம்பாதித்ததுதான்.

எங்கள் தெரு அனந்தநாராயணன் சிங்கப்பூருக்கு டைப்பிஸ்டாகப் போனபோது, ஆபீஸ் வாசலிலேயே அவனைப் பிடித்து நிறுத்தி அவள் பாடம் எடுத்தாள்.

“பெரிய பெட்டியெ கப்பலுக்கு அடியிலே எறக்கிருவாங்க சாமி. கரை சேருற வரைக்கும் கண்ணுலே காட்டமாட்டாங்க. மாத்துத் துணி, தட்டு, லோட்டா எல்லாம் கைப்பையிலே வச்சுக்கிடுங்க. பெட்டியிலே ரெண்டு பக்கமும் பெயிண்டாலே பேரு எழுதணும். பூட்டெ நம்பாதீங்க, கயிறு சுத்திக் கட்டுங்க. மேல்தட்டுலே புகைக்குழாய்க்குக் கிட்டே பாய் விரிச்சா கரி கொட்டும். நடுவாக்குலே எடம் பிடிங்க, ஆட்டம் கம்மி. வெறும் வயித்தோட கெடக்காதீங்க, அப்பந்தான் கூடுதல் பெரட்டும். அவலும் நார்த்தங்காயும் மதி, அதுவே போதும். செருப்பு மறந்துராதீங்க, மத்தியானம் அந்த இரும்புத் தரை தோசைக்கல்லாக்கும்.”

அவன் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டான். கடைசியில் அவள் சொன்னாள்: “எல்லாத்துக்கும் முந்தி ஊசி. ஊசி போட்டு, அட்டை கைக்கு வந்தப்பொறம்தான் டிக்கெட்.”

இதைச் சொல்லும்போது மட்டும் என் பக்கம் திரும்பமாட்டாள். நானும் ரிஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பாடத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்த மகானுபாவன் நான்தான்.

அவள் புருஷன் சுடலைமுத்து பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஐம்பத்துமூன்றில் லீவில் வந்து இவளைக் கட்டிக்கொண்டான். இரண்டு மாதம் கூட இருந்தான். திரும்பிப் போனவன், இவளை அங்கே வரவழைக்கிற அனுமதிச் சீட்டுக்காக நாலு வருஷம் அலைந்தான். அவன் சம்பளத்தை நம்பி அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் இருந்ததால், வேலையை விட்டுவிட்டு வரவும் வழியில்லை. ஐம்பத்தேழில் சீட்டு கிடைத்தது. மேல்தட்டு டிக்கெட்டையும் சேர்த்து அனுப்பினான். தபால் எங்கெங்கேயோ சுற்றிவிட்டு இவள் கைக்கு வந்தபோது, மதராசிலிருந்து கப்பல் கிளம்ப ஐந்தே நாள்தான் இருந்தது.

துடைப்பத்தைக் கூடக் கீழே போடாமல் ஓடி வந்தாள். அம்மை ஊசி அவளுக்கு முன்பே ஆகியிருந்தது. காலரா ஊசியை டாக்டர் உடனே போட்டார். அட்டை என் மேசைக்கு வந்தது. காலரா ஊசி போட்டு ஆறு நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அதற்கு முன்னால் துறைமுகத்தில் உள்ளே விடமாட்டார்கள்.

“தேதியெ ஒரு வாரம் முந்திப் போட்டுத் தாங்க சாமி. உங்களெக் கும்பிடுதேன்.”

“கள்ளத் தேதி எழுதற கை இல்லைடீ இது. இன்னிக்குப் போட்ட ஊசிக்கு இன்னிக்குத்தான் தேதி. இந்தக் கப்பல் போனா அடுத்த கப்பல். கடல் வத்தியா போயிடும்?”

நான் சொன்ன வேடிக்கைக்கு நானே சிரித்தேன். அவள் அரைநாள் வாசலில் நின்றாள். பியூன் குழந்தைசாமி யாரிடமோ சொல்வதுபோல, “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாராக்கும்” என்றான். “போடா வெளியிலே” என்று கத்தினேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு மிளகு வியாபாரியின் மகனுக்கு எட்டு நாள் முன்தேதி போட்டுக் கொடுத்திருந்தேன். மேலே இருந்தவர் கண்ணைக் காட்டினார், தலையைக் கூட நிமிர்த்தாமல் எழுதினேன். அன்றைக்கு என் சட்டம் எந்தக் குளத்தில் குளித்துக்கொண்டிருந்ததோ தெரியாது. எளியவளைக் கண்டதும் எனக்குத் தர்மம் பொங்கிவிட்டது. வெட்கக்கேடு!

அடுத்த கப்பலுக்குள் அனுமதிச் சீட்டின் கெடு முடிந்துவிட்டது. சுடலைமுத்து மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம் போட்டான்.

அதற்கப்புறம் பேச்சியம்மாள் ஊசியைத் தவறவிடவே இல்லை. அட்டை ஆறு மாதம்தான் செல்லும். அது முடிவதற்குள் வந்து நிற்பாள். ஊசி போட்டால் அவளுக்குக் கை வீங்கும், ராத்திரி முழுக்கக் காய்ச்சல் அடிக்கும். காலையில் அந்தக் கையாலேயே தெருக் கூட்டுவாள்.

“ஏண்டீ, சீட்டும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. எதுக்கு இந்தக் குத்து?”

“சீட்டு வாறப்பொ நான் தயாரா இருக்கண்டாமா சாமி?”

அந்தக் காத்திருப்பில்தான் அவள் கப்பல் சமாசாரமெல்லாம் சேர்த்தது. ஊர் திரும்பிய ஒவ்வொருவரையும் விடாமல் கேட்பாள். எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், இறங்கும்போது எந்தக் காகிதத்தை முதலில் கேட்டார்கள். தனக்காகக் கேட்டுக்கேட்டு வைத்தது. ஊர் அதை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறியது, அவள் துடைப்பத்தோடு நின்றாள்.

அறுபதாம் வருஷம் சித்திரையில் பினாங்கிலிருந்து உறை வந்தது. வழக்கம்போல என்னிடம்தான் கொண்டுவந்தாள், அவளுக்கு எழுத்து தெரியாது. உள்ளே சுடலைமுத்துவின் நாலு வரியும் ஓர் ஆங்கிலக் காகிதமும் இருந்தன. படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன்.

“என்ன சாமி, சீட்டா?”

“இல்லை. அங்கே புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. புருஷனைப் பிரிஞ்சு தொடர்ந்து அஞ்சு வருஷம் இருந்துட்டா, பெண்டாட்டியை உள்ளே விடமாட்டாளாம். உன் விண்ணப்பத்தைத் தள்ளிட்டா.”

“அவரே வந்து கூட்டிட்டுப் போனா?”

“அப்பவும் விடமாட்டா.”

“வேற காகிதம் ஏதாச்சும் குடுத்தா?”

“ஒண்ணும் நடக்காது பேச்சி.”

அவள் விரலை மடக்கி எண்ணினாள். “அப்பொ அன்னிக்கு அந்தக் கப்பல்லெ ஏறியிருந்தா, நாலு வருஷம்தானே சாமி ஆயிருக்கும்?”

“ஆமாம்” என்றேன்.

‘நீ நாசமாய்ப் போவாய்’ என்று அவள் மண்ணை வாரி இறைத்திருந்தால் நான் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அப்படிச் செய்யவில்லை. மூன்று நாள் கழித்து ஒரு ஏர்மெயில் தாளோடு வந்து, எழுதச் சொன்னாள்.

“நான் வாறதுக்கு இனி வழியில்லே. உங்களுக்கும் வயசாகுது. பொங்கிப் போட, காய்ச்சல்னா பாக்க, ஒரு ஆளு வேணும். அங்கேயே நல்லவளாப் பாத்துக் கட்டிக்கிடுங்க. எனக்குக் கோவம் இல்லே.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். “பைத்தியமா உனக்கு? இதெல்லாம் எழுதறதா?”

“அந்தச் சட்டம் மாறுமா சாமி?”

“மாறுமோ என்னவோ, எனக்கென்ன தெரியும்!”

“அப்பொ எழுதுங்க.”

எழுதினேன். கோவம் இல்லை என்பதை இரண்டு தடவை எழுதச் சொன்னாள்.

ஆவணியில் பதில் வந்தது. அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள். நான் வாசித்தேன். “நீ எழுதியபடியே செய்துவிட்டேன். இங்கே தோட்டத்தில் வேலை செய்கிற பெண். உடம்பைப் பார்த்துக்கொள்.” அவ்வளவுதான் இருந்தது.

அவளைப் பார்த்தேன். அட மடையா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் மாட்டேன் என்று எழுதுவான் என்று அவள் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“இன்னொரு தடவெ வாசிங்க சாமி” என்றாள்.

வாசித்தேன். அதேதான் இருந்தது.