சம்பந்தி பார்க்கவேண்டிய ஊசி

எங்கள் குடும்பத்தில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றாத காய்ச்சல், காய்ச்சலில் சேர்த்தி இல்லை. செம்மேட்டில் எனக்கு ஆபீஸ் வேலை. என்னைப் பார்க்க அடிவாரத்திலிருந்து மலையேறி வந்த இடத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரையும் கஞ்சியும் போதும் என்றார் டாக்டரம்மா. அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"ஏனுங்க, ஒரே ஒரு பாட்டில் போட்டு உடுங்க. தெம்பா ஊட்டுக்குப் போயிருவேன்" என்று நச்சரித்துக் காரியத்தைச் சாதித்தார்.

பாட்டில் தீர்ந்ததும் கையிலிருந்த ஊசியைக் கழற்ற நர்ஸ் வந்தார். அப்பா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சம்பந்திங்க வராங்க. அதுவரைக்கும் இருக்கட்டும் சாமி."

என் மாமனாரும் மாமியாரும் வந்து வெறும் கையைப் பார்த்துவிட்டுப் போனால், ஆஸ்பத்திரியில் படுத்ததற்கு என்ன மரியாதை? ஊசி தங்கிவிட்டது.

மறுநாள் பஸ் நிறையச் சொந்தம் வந்தது. சம்பந்திகளை மட்டும் காணோம். கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியைப் பிடித்தும் வாந்தியைத் துடைத்தும் வந்த கைகள் அத்தனையும் ஊசியைத் தொட்டுத்தான் நலம் விசாரித்தன. மாமா பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்த்தார். அத்தை அதற்கடியில் திருநீறு வைத்து, திரும்ப ஒட்டினார். சத்தம் போட்ட நர்ஸுக்குத் திமிர் பிடித்தவள் என்ற பட்டம் கிடைத்தது.

அதற்கடுத்த நாள் கை வீங்கிச் சிவந்தது. அப்பாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. டாக்டரம்மா ஓடிவந்து ஊசியை உருவினார். தோல்மேல் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி, ஊசி போன வழியே ரத்தத்துக்குள் போய்விட்டது என்றார்.

"என்ற தோல்லயா? ரெண்டு வேளையும் குளிக்கறவனுங்க நானு" என்றார் அப்பா, அந்த நடுக்கத்திலும் ரோஷமாக.

உயிருக்கே ஆபத்தாகலாம் என்று டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். சொந்தங்களுக்குப் போன் போட்டேன். அவர்களோ போனிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: கண்ணேறு, மலைத் தண்ணீர், நான் கொடுத்த கொய்யாப்பழம். அவரவர் கையை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.

மறு கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றினார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். இனி மாத்திரை போதும் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, அந்த ஊசியைக் கழற்ற நர்ஸ் வந்தார். அப்பாவின் கை மெல்லப் போர்வைக்குள் நகர்ந்தது.

"சம்பந்திங்க இன்னும் பாக்கலியே, கண்ணு."

போர்வையை உருவி எறிந்தேன். "கழட்டுங்க சிஸ்டர்!" என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. ஊசி வெளியே வரும்வரை அப்பாவின் முழங்கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன்.