வேண்டாம் என்று சொல்லாத பெட்டி

மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷின் வாசனை எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் முதலில் ஜெபம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. துடியலூரில் நாங்கள் குடியிருந்த இரண்டறை வாடகை வீட்டில், பம்ப்செட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுக்கும் வேலையை அம்மா செய்துவந்ததால், பாய், தலையணை, பள்ளிக்கூடப் பை, சில நாள் சோறு வரைக்கும் அந்த வாசனை ஏறியிருக்கும். அந்தப் பாயில்தான் காலையில் அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் முட்டிபோட்டு, ஒரு பாட்டும் ஒரு ஜெபமும் முடிந்த பிறகு, நடுவில் இருக்கும் ‘ரொட்டிப் பொட்டி’யை எடுப்போம்.

ரொட்டிப் பொட்டி என்றால் அதில் ரொட்டி இருக்காது. ஒரு முழு பிரெட்டின் வடிவத்தில் பழுப்பு நிறப் பிளாஸ்டிக்கில் செய்த சின்னப் பெட்டி. அதன் முதுகில் நீளமாக ஒரு திறப்பு. அதற்குள் நெருக்கி அடுக்கிய வண்ண அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கிறிஸ்தவர்கள் வீட்டு ஷோகேஸில் நீங்களும் பார்த்திருக்கலாம். காலையில் ஒரு சீட்டு எடுத்து, அன்றைக்கு ஆறுதலாக வாசித்துவிட்டு, திரும்பவும் செருகி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவதுதான் எல்லா வீட்டு வழக்கமும். எங்கள் வீட்டில் அது அதோடு நிற்கவில்லை.

எங்கள் வீட்டில் எந்த முடிவாக இருந்தாலும் அந்தப் பெட்டியைக் கேட்டுத்தான் எடுக்கப்படும். வீடு மாறலாமா, அக்கா பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கலாம், பழைய சைக்கிளை விற்றுவிட்டு மொபெட் வாங்கலாமா என்று எதுவானாலும், “ஆண்டவர் என்ன சொல்றாருன்னு பாத்துப்போடலாம்” என்பார் அப்பா. மிக்ஸி வாங்குவதற்குச் சீட்டு எடுத்தபோது மலைகளைப் பற்றிய வசனம் ஒன்று வந்தது. மலைக்கும் மிக்ஸிக்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா முணுமுணுக்க, மலை உறுதியானது, ஆகவே உறுதியான கம்பெனியாகப் பார்த்து வாங்கச் சொல்கிறார் என்று அப்பா பொருள் சொன்னார். நாங்கள் சிரித்ததற்கு அவர் கோபப்படவில்லை. மிக்ஸியும் நன்றாகத்தான் ஓடியது.

சீட்டு எடுக்கும் உரிமை வீட்டின் கடைக்குட்டியான எனக்கு இருந்தது. “பாப்பா கை எடுக்கட்டும், கள்ளமில்லாத கை” என்று சொல்லி அப்பா பெட்டியை என் பக்கம் நகர்த்துவார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நகத்தால் அட்டைகளின் மேல் விளிம்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ‘சரக்’கென்று வருடி, எங்கே விரல் நிற்கிறதோ அங்கே உருவி எடுக்கும்போது எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. ஞாயிறு பள்ளியில் மற்ற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

இதில் எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று உண்டு. அப்பா மேட்டுப்பாளையம் ரோட்டோரம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுபவர். பள்ளிக்கூட லீவு நாளில் மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன்: ஓடும் லேத்தை நிறுத்தி, கடைந்துகொண்டிருந்த இரும்புத் தண்டைத் துடைத்து, வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து, வெளிச்சத்தின் பக்கம் திரும்பி ஒருமுறை படித்துவிட்டு, சந்தேகம் தீராமல் மறுபடியும் அளப்பார். பக்கத்து மிஷின்காரர் கேலி செய்தாலும் விடமாட்டார். இரும்பை அத்தனை அளந்து பார்த்த மனிதர், வீட்டு விஷயத்தை மட்டும் ஒரு சின்னப் பெண்ணின் விரலுக்கு எப்படி விட்டார்?

அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது. அது பாதத்தின் உணர்ச்சியைத்தான் முதலில் பறித்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்த வழியெல்லாம் சிமெண்ட் தரையில் ரத்தத் தடம் இருந்தது. அம்மாதான் பார்த்து அலறினாள். லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருளின் துண்டு ஒன்று செருப்பைத் துளைத்து இடது கால் பெருவிரலின் அடியில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. “ஒண்ணுமில்ல புள்ள, வலிக்கவே இல்ல” என்று சொல்லிக்கொண்டு, அதைத் தானே பிடுங்கிப் போட்டார்.

மஞ்சள் வைத்துக் கட்டிப் பார்த்தும், மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்தும் புண் ஆறாமல் விரல் கறுத்துக்கொண்டே வந்தபோது, அம்மா பிடிவாதமாக டவுனுக்கு அழைத்துப் போனாள். கூட நானும் போனேன். டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். விரலை மட்டும் இப்போதே எடுத்துவிட்டால் பாதம் தப்பித்துவிடும், தள்ளிப்போட்டால் எதுவரைக்கும் எடுக்கவேண்டி வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

“வலியே இல்லீங்களே டாக்டர்” என்றார் அப்பா.

“அதாங்க பயமே. வலி தெரிஞ்சிருந்தா நீங்க அன்னைக்கே ஓடி வந்திருப்பீங்க” என்றார் டாக்டர்.

அப்பா, “காத்தால ஜெபத்துல கேட்டுப்போட்டு வந்து சொல்றனுங்க” என்று எழுந்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் ஜன்னலோரமாக உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய வந்தார். எனக்குப் பயமாக இல்லை. மறுநாள் நான்தானே எடுக்கப்போகிறேன், நல்லதாக எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலைப் பாட்டு முடிந்தது. அப்பாவின் ஜெபம் வழக்கத்தைவிட நீண்டது. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். கண்ணை மூடினேன், விரலை ஓட்டினேன், எடுத்தேன். ரோஸ் நிற அட்டை. காயங்களை ஆற்றி ஆரோக்கியம் தருவதாகச் சொல்லும் வசனம் அது. அப்பா அதை வாசித்தார், நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார், அழுதார். அப்படி அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “போதும் ஆண்டவரே, போதும்” என்றார். ஆஸ்பத்திரிப் பேச்சு அந்த இடத்தில் முடிந்துபோனது.

அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

“ஏனுங்க, கண்ணாலம் ஆனதுல இருந்து நானும் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்க. இந்தப் பொட்டியில வேண்டாம்னு சொல்ற சீட்டு ஒண்ணாவது வந்திருக்குதுங்களா? எல்லாமே நல்ல வார்த்தைங்க. எதக் கேட்டாலும் செரீன்னே சொல்றவங்ககிட்டப் போயி யாராச்சும் ரோசனை கேப்பாங்களாங்க?”

“வசனத்த எதுத்துப் பேசாத புள்ள.”

“வசனத்த எதுக்கலீங்க. வைத்தியம் பாக்காதேன்னு அதுல எங்கீங்க போட்டிருக்குது?”

அப்பா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, கட்டுப்போட்ட காலைச் செருப்பில் நுழைத்து, பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். அம்மா காயில் சுற்ற உட்கார்ந்தாள். அவள் கை அன்று ஓடவே இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் வார்னிஷ் வாசனையையும் மீறி இன்னொரு வாசனை வர ஆரம்பித்தது. அம்மா தினமும் கட்டை மாற்றும்போது கெஞ்சுவாள். அப்பா ரோஸ் சீட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். காய்ச்சலோடு வேலைக்குப் போன ஒரு நாள் லேத்தின் முன்னாலேயே சரிந்து விழுந்தார். பட்டறைக்காரர்கள் வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். விரலோடு நிற்க வேண்டியது அப்போது முழங்காலுக்குக் கீழே வரைக்கும் போய்விட்டது. இடது கால் இல்லாமல்தான் அப்பா வீட்டுக்கு வந்தார்.

நின்றுகொண்டே செய்யும் வேலை லேத் வேலை. அது போயிற்று. பார்க்க வந்த சபையார் பழமும் ஹார்லிக்ஸும் கொடுத்து அழுதார்கள். ஒரு அம்மையார் மட்டும் கிளம்பும்போது வாசலில் நின்று, “விசுவாசம் கொஞ்சம் கொறஞ்சு போச்சோ என்னமோங்க” என்றார். அம்மாவின் முகம் சிவந்துபோனது. “அவரு விசுவாசம் கொறையலீங்க. அவரு விசுவாசம் எனக்குத் தெரியுமுங்க. புத்தியும் அதே ஆண்டவரு குடுத்ததுதான்னு மறந்துபோட்டோம், அவ்வளவுதானுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அந்த அம்மையார் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் என்ன ஆனேன் என்று யாரும் கவனிக்கவில்லை. வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டே திரிந்தேன். அந்தக் கைதானே ரோஸ் சீட்டை எடுத்தது? பக்கத்திலேயே நீலம் இருந்தது, மஞ்சள் இருந்தது. ஒரு விரற்கடை தள்ளி எடுத்திருந்தால் அப்பாவுக்குக் கால் இருந்திருக்குமே என்ற நினைப்பு சோற்றைக்கூட இறங்கவிடவில்லை. இடது கையால் சாப்பிட முயன்று அக்காவிடம் அடி வாங்கினேன். ஏன் என்று கேட்டதற்கு விஷயத்தைச் சொல்லி அழுதேன். அக்கா அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அப்பா என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். என் வலது கையை இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். லேத்தால் காய்த்துப்போன கை அது.

“நீ எடுத்தது வெறும் சீட்டு கண்ணு. ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்னது நானு. உன்மேலயும் குத்தமில்ல, ஆண்டவரு மேலயும் குத்தமில்ல. கத்திக்கு நெம்பப் பயந்துபோட்டேன். அந்தப் பயத்துக்கு வசனத்தத் தொணைக்குக் கூப்புட்டுக்கிட்டேன்.”

சொல்லிவிட்டு வெகுநேரம் என் கையை விடவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்கு அன்றே தெரிந்தது. ஆனால் தெரிவது வேறு, மனசு ஆறுவது வேறு. குலுக்கல் சீட்டு எடுக்கச் சொல்லி யார் டப்பாவை நீட்டினாலும் இன்றும் என் கை பின்னுக்குப் போகிறது.

காலை ஜெபம் நிற்கவில்லை. அப்பாவால் முட்டிபோட முடியாததால் கட்டிலில் உட்கார்ந்தபடி ஜெபித்தார். முன்பெல்லாம் “ஒரு வார்த்தை சொல்லுங்க ஆண்டவரே” என்று முடிப்பவர், இப்போது “புத்தியக் குடுங்க, பயத்த எடுத்துப்போடுங்க” என்று முடித்தார். ஆமென் சொன்னதும், சவரம் செய்ய வைத்திருந்த, ஓரம் உடைந்த வட்டக் கண்ணாடியைத் தரையில் வைக்கச் சொல்லி, மிச்சமிருந்த வலது பாதத்தை அதற்கு மேலாகப் பிடித்து, குதிகாலிலிருந்து விரல் இடுக்கு வரை நிதானமாகப் பார்ப்பார். பட்டறையில் வெர்னியரைப் படித்த அதே பார்வை. கண்ணாடியைத் துடைத்து வைப்பது என் வேலையாயிற்று. ரொட்டிப் பொட்டி பரணுக்குப் போனது. யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் இறக்கவும் இல்லை.

அக்காவுக்குக் காரமடையிலிருந்து வரன் வந்தபோது, வந்த உறவினர் வழக்கம் தெரிந்தவராக, “சீட்டு எடுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்டார். “மொதல்ல புள்ளயக் கேக்கோணுமுங்க. அப்பறம் நான் நேர்ல போயி நாலு பேர விசாரிக்கோணும்” என்றார் அப்பா. கட்டைக்காலோடு பஸ் ஏறிப் போய், சாயங்காலம் வரை விசாரித்துவிட்டு வந்து, பையன் குடிக்கிறான், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அம்மா பல மாதங்களுக்குப் பிறகு பாடிக்கொண்டே சமைத்தாள். ஆனாலும் வீடு பழைய வீடாக ஆகவில்லை. அப்பாவும் அம்மாவின் வேலையைக் கற்றுக்கொண்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காயில் சுற்றிய அந்த வருடங்களில், தூரத்துப் பட்டறைகளில் லேத் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் கை ஒரு கணம் நின்று பிறகு ஓடும். அதைப் பார்க்காததுபோல் நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

இப்போது அந்தப் பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. வாடகை வீட்டை இடித்துவிட்டார்கள். பரணிலிருந்த பெட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. அம்மா முதலில் போனாள், அப்பா பிறகு போனார். அப்பாவைக் கல்லறைக்கு எடுத்துப்போவதற்குமுன் துணி மாற்றும்போது பார்த்தேன். வலது பாதம் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அன்றைக்கு நான் அழுதது அதற்காகத்தான்.

குடும்பமாகப் பாயில் உட்காருவதும் எங்கள் வீட்டில் போய்விட்டது; ஆளுக்கொரு நேரத்தில் எழுகிறோம், ஆளுக்கொரு மூலையில் ஜெபிக்கிறோம். வசனம் மட்டும் நிற்கவில்லை. ரோஜாப்பூப் படத்தோடு காலையில் போனில் வந்துவிடுகிறது, அதுவும் நல்ல வார்த்தையாகவே. வாசித்து ஆமென் சொல்லிவிட்டு, ஓரம் உடைந்த அந்தக் கண்ணாடியைத் தரையில் வைக்கிறேன். எனக்கும் சர்க்கரை வந்துவிட்டது.

நேற்றுக் காலை, இடது கால் சுண்டுவிரல் இடுக்கில் ஒரு வெடிப்பு தெரிந்தது, சுற்றிலும் லேசாகக் கறுத்து. என்னமோ அப்பாவே கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்ததுபோல் இருந்தது. ஆஸ்பத்திரிப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் காலைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், “ரொம்ப வலிக்குதாம்மா?” என்று கேட்டாள்.

“வலிக்கல கண்ணு” என்றேன். “அதுனாலதான் போறேன்.”