பழைய முகம் வைத்த புதுக் கார்

மொன்ட்ரியால் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் நானும் ஒரு அண்ணையும் ஒரே அறையில் இருந்தோம். நான் ஊரில் கராஜில் வேலை செய்தவன். அவர் கப்பலில் ஓடியவர்; யப்பானில் அவருக்குப் பழக்கமான ஆட்கள் இருந்தார்கள்.

ஒருநாள் ஒரு படத்தைக் காட்டினார். உருண்டை விளக்கு, பளபளக்கும் முன்கம்பி. அப்பா காலத்து இங்கிலீசுக் கார் மாதிரி இருந்தது. யப்பானில் ஒரு சின்னக் கம்பனி, புதுக் கார்களுக்கு இப்படிப் பழைய உருவம் போட்டு விற்கிறதாம்.

"பொம்பிளை மாப்பிளையை இதில ஏத்தினால் எப்பிடியிருக்கும்? கலியாணங்களுக்கு ஓடலாம்."

"புதுக் காரை இஞ்ச இறக்க விடுவாங்களோ அண்ணை?"

"எல்லாம் விசாரிச்சிட்டன். உனக்கு விசா சரிவந்திட்டுதுதானே, உன்ர பேரில எடுப்பம்."

படிவம் எனக்குத் தெரியாத பிரெஞ்சில் இருந்தது. அவரே நிரப்பினார். நான் கையெழுத்து வைத்தேன்.

கார் வந்த அன்று தனக்கு வேலை என்று நின்றுவிட்டார். துறைமுகத்துக்கு நான் தனியாகப் போனேன். சுங்க அதிகாரி கதவைத் திறந்து உள்ளே இருந்த தகட்டைப் பார்த்தார். புது ரப்பர் மணம் எனக்கே அடித்தது.

"முப்பது வருசப் பழைய கார் என்று எழுதியிருக்கிறாய். இது போன வருசம் செய்தது. பதினைந்து வருசமாகாத கார், எங்கள் விதிப்படி செய்யப்படாவிட்டால் இறக்க முடியாது. இது யாருடைய கையெழுத்து?"

"என்னுடையது" என்றேன்.

அறைக்குத் திரும்பியபோது அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டோ என்ர பேரைப் போட்டனீங்கள்?"

"என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பிழைச்சால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். உன்னை அனுப்ப மாட்டாங்கள்தானே."

கத்தியை வைக்காமலே சொன்னார். அவர் அதை முதலே யோசித்து வைத்திருந்தார் என்பதுதான் என்னைச் சுட்டது.

கார் வந்த வழியே திரும்பிப் போயிற்று. என்மேல் விசாரணை நடந்தது. கொழும்பு லொட்ஜில் காத்திருந்த என் மனைவியை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் பத்திரங்களை அது முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். ஒரு பனிக்காலம் முழுக்க, "ஏன் இன்னும் விசா வரேல்லை?" என்று அவள் தொலைபேசியில் கேட்டாள். பொய் எழுதிக் கையெழுத்து வைத்தவன் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அண்ணை நகரத்தின் மற்றப் பக்கம், மொன்ட்ரியால்-நோருக்கு வீடு மாறிப் போனார்.

அவள் வந்து சேர்ந்த பிறகு ஒரு கலியாண வீட்டில் அவரைக் கண்டோம். சிரித்தபடி நேரே அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, சுகமோ?"

அவளுக்கு ஆளைத் தெரியாது; நடந்ததையும் நான் சொல்லியிருக்கவில்லை. "ஓம் அண்ணை, சுகம்" என்றாள்.

நான் சாப்பிடாமல் என் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.