சீப்புக்கால் வண்டு

பூச்சி அருங்காட்சியகத்தில் இருபது வருடங்களாக வண்டுகளை ஊசியில் குத்திப் பெயர்ச்சீட்டு எழுதுகிறவளை எல்லோரும் வண்டக்கா என்பார்கள். கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். அவள் மேசைப் பக்கம் யாரும் தும்மக்கூட முடியாது. அன்று அவளே கத்தினாள்.

"சார், ஓடி வாங்க! இது எந்தப் பட்டியல்லயும் இல்ல!"

ஆய்வாளர் டீயோடு ஓடிவந்தார். நுண்ணோக்கியின் அடியில், பழைய பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கறுப்பு வண்டு. பின்னங்கால்களில் ஒன்று இல்லை. மிஞ்சிய ஒன்றில் சீப்பு போலப் பற்கள். உற்றுப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"தொடையில பசை தெரியுது பாருங்க. வேற வண்டோட கால ஒட்டியிருக்காங்க."

அவள் சீட்டைப் பார்த்தாள். அவளுடைய கையெழுத்து, வேலைக்குச் சேர்ந்த வருடம். டப்பாவில் உதிர்ந்து கிடந்த காலை இந்த வண்டுடையது என்று நம்பி அவளேதான் ஒட்டியிருக்கிறாள். முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுக்கு வேற ஃபோன் பண்ணிச் சொல்லித் தொலைச்சிட்டேன்!"

ஆய்வாளர் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடியும் கத்தினாள்.

"சார், நில்லுங்க! வண்டு ஏற்கெனவே தெரிஞ்ச வகைதான். ஆனா இப்படி ஒரு கால் நம்ம பட்டியல்ல எந்த வண்டுக்கு இருக்கு?"

அவர் டீயைக் கீழே வைத்தார். எதிரே முந்நூறு இழுப்பறைகள். அந்தக் காலுக்குச் சொந்தமான, பின்னங்கால் ஒன்று குறைந்த வண்டைத் தேடி, அவள் முதல் இழுப்பறையைத் திறந்துவிட்டிருந்தாள்.