தலையில்லாத சாளை

ஐஸ் வாங்கிக்கொண்டு திரும்பினால், என் ஆராய்ச்சி மொத்தமும் அடுப்படிச் சட்டியில் கிடந்தது! தலை இல்லை, வால் இல்லை, செதில் இல்லை. உடம்பெல்லாம் மஞ்சளும் உப்பும்.

தொண்ணூறுகளில் மதுரையில், கடல்மீன் இனங்களை மரபணுவை வைத்துப் பிரித்தறியும் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். எங்கள் ராஜபாளையம் சந்தைக்குக் கேரளாவிலிருந்து லாரியில் வரும் சாளையில் இரண்டு இனம் கலந்திருக்கிறது என்பது என் கட்சி. பேராசிரியர் ஒப்பவில்லை. "ஒரே மீன்தாம்மா. எது எதுன்னு தெரிஞ்சுக்கிட்டே சோதிச்சா, கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பார்க்கும்" என்றார். கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்தார். அதுவும் தவறினால் மூட்டை கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். அதற்காகத்தான் தலை நீளத்தைப் பார்த்துப் பார்த்து, வகைக்கு ஆறாகப் பொறுக்கி வந்திருந்தேன்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்க!" என்று கத்தினேன்.

"ஏட்டி, விடிஞ்சா வெள்ளிக்கிழமை. கொடலோட மீனை வீட்டுல வச்சிருக்கச் சொல்லுதியா? கரித்துண்டும் போட்டிருக்கேன், பஸ்ஸுல காத்துக் கருப்பு அண்டாது."

ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. செத்த நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது. தலை போனபின் எது எது என்று எனக்கே தெரியாது. பேராசிரியர் கேட்டதும் அதைத்தானே! ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று தள்ளிவிட்டாள்.

விடியற்காலை பஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாப் பொட்டலத்தோடு ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார், மூக்கைப் பொத்தினார், எழுந்து போனார். நல்லதாகப் போயிற்று என்று ஐஸ் பெட்டியை அந்த இடத்தில் வைத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் பிரித்தால் பன்னிரண்டுக்குப் பதினொரு மீன்தான் இருந்தது. பெட்டியையே கவிழ்த்துப் பார்த்தேன், இல்லை. இருந்ததை வைத்து, மஞ்சள் இறங்காத உள்சதையாக எடுத்துச் சோதனையைத் தொடங்கினேன். சில நாளில் மரபணுக் கோடுகள் விளக்கொளியில் தெரிந்தன. ஆறு மீனுக்குச் சாதாச் சாளையின் கோடு, ஐந்துக்கு வேறு மாதிரி. இரண்டுங்கெட்டான் ஒன்றுகூட இல்லை! அடேயப்பா, எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பேராசிரியர் மட்டும் அசையவில்லை. "வகைக்கு ஆறுன்னியே, ஒன்னு எங்க?"

அவர் மேசை போனிலிருந்தே எங்கள் பக்கத்து வீட்டுக்குப் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சிரைக்க வந்தாள்.

"உப்பு பிடிச்சிருக்கான்னு பார்க்க ஒன்னே ஒன்னு பொரிச்சேன். அதுக்கா மதுரையிலருந்து போன் போடுத?"

நான் திருப்பிச் சொன்னதும் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப கணக்கு சரி. ரெண்டு இனம்தான், எழுத ஆரம்பிம்மா. பொரிச்சது எதுன்னு அவங்ககிட்டயும் சொல்லிடு."

"யம்மா, நான் ஜெயிச்சிட்டேன்! நீ தின்னது சாதாச் சாளை இல்ல, அந்த ரெண்டாவது இனம்!"

"அதான பார்த்தேன்," என்றாள் அம்மா, "முள்ளு அம்புட்டு இருந்துச்சு!"